மருந்து தனசிங்கும் புளியாரையும்

“அப்பா! பாய்லர்ல சொட்டுத் தண்ணி இல்ல!”

குளியலறைக்குள்ளிருந்து வனிதா கத்தும்போது, தனசிங் மூக்கு நீண்ட கெட்டிலோடு மூன்றாவது படியில் குந்தியிருக்கிறார். காலை ஆறே முக்கால். பனிமூட்டம் இன்னும் மேரக்காய்ப் பந்தலை விட்டு இறங்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தலை நீட்டிய ஒரு புல்லின் அடியைக் குறிபார்த்து, குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடுகிற பதத்தில், கொதிக்கக் கொதிக்க ஒரு கோடு ஊற்றுகிறார். ஆவி கிளம்புகிறது. புல் சுருண்டு படுக்கிறது. அவர் முகத்தில் ஒரு பரம திருப்தி. சித்திரை மாதம்தான், ஆனால் ஊட்டி மலையில் பிக்கட்டிப் பக்கத்துச் சித்திரை, பல் தந்தியடிக்கும். பெற்ற மகள் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாள். களைகள் வெந்நீரில் குளிக்கின்றன.

“ரெண்டே ரெண்டு கொடம்தான் எடுத்தேன். அடியில ஒரு செம்பு கெடக்கும் பாரு” என்கிறார், புல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அந்த ஒரு செம்பையும் நீங்களே ஊத்திக்கங்க. புல்லுக்குத் தல தொவட்டத் துண்டு வேணுமா?”

அவர் அடுத்த புல்லுக்கு நகர்கிறார்.

ஊரில் அவருக்கு ‘மருந்து தனசிங்’ என்று பெயர். இதைக் கேட்டுவிட்டுப் புதிதாகக் குடிவந்த ஒருவர் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வாசலில் வந்து நின்றதுண்டு. தனசிங்குக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: களைக்கொல்லி. இருபத்தாறு வருஷம் தேயிலை எஸ்டேட்டில் முதுகில் டேங்க் மாட்டிக்கொண்டு, சரிவு சரிவாக ஏறி இறங்கி அடித்தவர். அவர் போன வழியில் புல் மட்டுமல்ல, புல் இருந்த ஞாபகமும் இருக்காது என்று மேஸ்திரிகள் பெருமையாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்று வந்து, மூன்று சென்ட் வீட்டுத் தோட்டத்துக்குள் காலை வைத்ததும் சொன்ன முதல் வாக்கியம், “இங்க ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது.” கறிக்கடைக்காரர் கடையைப் பூட்டிய மறுநாளே கத்திரிக்காய் விரதம் ஆரம்பித்த மாதிரி.

டேங்க் போய்விட்டது; டேங்கின் அடையாளங்கள் போகவில்லை. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறக்கம். நடக்கும்போது இடது கை தானாக மேலும் கீழும் போய் வரும், இல்லாத பம்பை அடித்தபடி. சர்ச்சில் பாட்டு நடக்கும்போது அந்தக் கை அசைவதைப் பார்த்து, இவருக்குத் தாள ஞானம் உண்டு என்று பாதிரியார் பாடகர் குழுவில் சேரச் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிறு பாடினார். மறு ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை.

இன்னொரு பழக்கம் அவருடைய கைகளைப் பற்றியது. வீட்டுக்குள் நுழையுமுன் பின்புறக் குழாயில் முழங்கைவரை மூன்று தடவை சோப்புப் போடுவார். இப்போது தொடுவதெல்லாம் மண்ணும் புல்லும்தான், ஆனாலும் மூன்று தடவை. அதற்கு முன்னால் வனிதா எதிரே வந்துவிட்டால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பெற்ற மகள் முன்னால், எஸ்டேட் தொரை முன்னால் நிற்கிற மாதிரி நிற்பார். மஞ்சூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற அவளுக்கு, கை கழுவுகிறவர்களைப் பிடிக்கும். இவர் கழுவுவதைப் பார்த்தால் மட்டும் ஏனோ பேச்சை மாற்றிவிடுவாள்.

ஏழு மணிக்குப் பெரட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்கு அந்தப் பெயர்; ஒரு நாள் கூலிக்கு ஒரு ‘பேர்’ போடுவார்கள். தனசிங் பத்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது, இந்த வார்த்தைகளுக்குத் துருப்பிடிக்கவில்லை. இங்கே பெரட்டில் நிற்க ஆள் இல்லை என்பதால் மனைவி கனகமணியை நிறுத்தப் பார்ப்பார்.

“இன்னைக்கு நீ பீன்ஸ் பாத்தி. நான் படி. பத்து மணிக்குத் தேத்தண்ணி.”

“எனக்கு அடுப்படி. பத்து மணிக்குத் தேத்தண்ணி போடப்போறதும் நாந்தானே?”

“அப்ப உனக்கு இன்னைக்கு அரைப் பேர்தான்.”

“முப்பது வருசமா அரைப் பேருதான் போட்டிருக்கீங்க. முழுப் பேரு எப்ப போட்டீங்க?”

பெரட்டு கலையும்.

வெந்நீர் படிக்கும் நடைபாதைக்கும் மட்டும்தான். பாத்திக்குள் ஊற்றினால் பீன்ஸும் சேர்ந்து வெந்துவிடும் என்பதை ஒரு வரிசை பீன்ஸை வேகவைத்துத் தெரிந்துகொண்டார். பாத்திக்கு அவர் கண்ட வழி பழைய பேப்பர். நாலு மடிப்பாக நனைத்து விரித்து, மேலே சில்வர் ஓக் சருகைப் பரப்பினால், கீழே வெளிச்சமில்லாமல் களை மூச்சுத் திணறிச் சாகும். நல்ல முறைதான். தனசிங் கையில் விழாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல முறையாக இருந்திருக்கும். பேப்பரை விரிப்பதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். முதலில் கண்ணீர் அஞ்சலிப் படங்களை வெட்டி எடுப்பார்.

“செத்தவங்க மூஞ்சியில மண்ணப் போடச் சொல்றியா?”

பிறகு பைபிள் வசனம் போட்ட பக்கங்கள். பிறகு, அக்கம்பக்கத்தார் மனம் நோகக் கூடாதென்று, சாமி படங்கள். பிறகு பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள்: “வளர்ற புள்ளைங்க, பாவம்.” கடைசியில் மண்ணுக்குப் போக லாயக்கானவை என்று மிஞ்சுவது நகைக்கடை விளம்பரமும் வீட்டுமனை விளம்பரமும். முள்ளங்கிப் பாத்தியில் சருகு விலகிய இடத்திலெல்லாம் ‘பஸ் நிலையத்துக்கு மிக அருகில், இன்றே முந்துங்கள்’ என்று எழுதியிருக்கும். களைகள் எழுதப் படிக்கத் தெரிந்தவை போலிருக்கிறது, முந்தின. படத்தை வெட்டியெடுத்த ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும், அச்சுக் குத்தின மாதிரி சதுரம் சதுரமாகப் புல் எழுந்தது. யாருக்கு அஞ்சலி செலுத்தினாரோ அவர்கள் சார்பாகப் புல் உயிர்த்தெழுந்தது.

உப்பும் போட்டுப் பார்த்தார். போனில் யாரோ சொன்னார்கள் என்று கனகமணிதான் சொன்னாள். பாத்தியில் போட்டால் மண் கெடும் என்று அவருக்குத் தெரியும். படியில் மட்டும் கல்லுப்பைத் தூவினார். மறுநாள் விடிந்து கதவைத் திறந்தால், பனிமூட்டத்துக்குள் ஒரு காட்டெருமை வாசற்படியை நக்கிக்கொண்டு நின்றது. மாருதி கார் அளவு. முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை ஒரு பொட்டு உப்பு விடாமல் நக்கித் துடைத்துவிட்டு, புல்லை ஒரு வாய்கூடத் தொடாமல், கனகமணி மூன்று வருஷம் வளர்த்த டேலியாவை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனது. அன்றோடு உப்பு குழம்புக்குத் திரும்பியது.

எல்லாவற்றுக்கும் மேலானது கிக்கியூ புல் விவகாரம். தரையோடு தரையாகக் கயிறு மாதிரி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடுகிற புல் அது. தனசிங் எஸ்டேட் வழக்கப்படி சுரண்டியை எடுத்தார். சுரண்டி என்பது அங்கே புல் செதுக்குகிற வளைந்த தகடு. பீன்ஸ் நறுக்குகிற மாதிரி பொடிப்பொடியாகக் கொத்தி, எல்லாவற்றையும் கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டார். இரண்டு மாதம் கழித்து, “எரு நல்லா பதமா வந்திருக்கு” என்று கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, தோட்டம் முழுக்க ஒரு பாத்தி விடாமல் பரப்பினார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு இருந்தது. ஒவ்வொரு கணுவும் உயிரோடு இருந்தது. மூலையில் ஒரு பாய் அகலம் இருந்த புல், மூன்று சென்ட்டையும் பட்டா போட்டுக்கொண்டது.

எஸ்டேட்டில் அவர் சுரண்டினதைச் சுரண்டின இடத்திலேயே விட்டுவிட்டு வருவார்; மறுநாள் டேங்கோடு போய் மிச்சத்தை முடிப்பார். பாதி வேலையைச் செய்தது மருந்து என்பது மருந்து தனசிங்குக்கே மறந்து போயிருந்தது. களையைக் கொல்வதில் இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ளவர், களை எப்படிச் சாகிறது என்பதை அறுபதாவது வயதில் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஆனால் ஆரம்பித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். சுரண்டியைத் தூக்கி ஆணியில் மாட்டிவிட்டு, நாலு பல் இரும்பு முள்கொத்தை மண்ணில் இறக்கி, வேரோடு நெம்பி, கொடியை அறுக்காமல் முழம் முழமாக உருவி எடுத்தார். உருவியதை எருக்குழிக்குக் காட்டாமல் தகரக் கூரைமேல் எறிந்து வெயிலில் காயப்போட்டார். வீட்டுக்குத் தலைமுடி முளைத்த மாதிரி இருந்தது. தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கையாகி வந்தது.

இந்த வேகத்தில் போனால் வருகிற கிறிஸ்துமஸுக்குத் தோட்டம் தயாராகியிருக்கும். ஆனால் வனிதாவைப் பெண் பார்க்கக் கூடலூர்க்காரர்கள் ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிறு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

மாப்பிள்ளை டெனின், வனிதாவோடு நர்சிங் படித்தவன். இருவருக்குள் முடிவான விஷயம்தான். வீட்டைப் பார்க்க அவன் அம்மா எல்சாவும் அவனும் வருகிறார்கள். எல்சா சரியென்றால் சரி. போன வருஷம் குன்னூரிலிருந்து வந்த ஓர் இடம், முற்றத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “வீட்டச் சுத்திக் காடா இருக்கே” என்று சொல்லிப்போனது, போனது போனதுதான். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கார் கொடுத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கனகமணி அதை ஏற்கவில்லை. அவள் தீர்ப்பில் குற்றவாளி புல்.

அடுத்த வீட்டு வசந்த்குமார், காரமடையிலிருந்து வந்து குடியேறியவர், விருந்தாளிகள் வருகிற வாரத் திங்கட்கிழமை வேலிமேல் கையை ஊன்றி நின்றார். அவர் முற்றத்தில் களை என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்தடித்து அடித்து மண் சிமெண்டு நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதென்று அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல் பாய் வாங்கி விரித்திருக்கிறார். வாரம் ஒருமுறை அதற்குத் துடைப்பத்தால் தூசி தட்டுவார்.

“ஏனுங்கண்ணா, ஊட்டுக்கு முன்னால இத்தன பாடு எதுக்குங்க? நம்மகிட்ட ஒரு கேன் புதுசா இருக்குதுங்க. ஒரு மூடி ஊத்தி அடிச்சு உட்டீங்கன்னா, நல்ல வெயிலா இருந்தா மத்தியானத்துக்குள்ள தொங்கிருமுங்க.”

“நான் அடிக்காத மருந்தா வசந்து? அது எத்தன மணிக்குத் தொங்கும், எத்தன நாள்ல கருகும்னு நான் உனக்குச் சொல்லணுமா?”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். தொழில் தெரிஞ்ச கை, சும்மா இருக்குதுங்களே!”

தனசிங் கெட்டிலை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார். கனகமணி வேலியோரம் போய்க் கேனை வாங்கிக்கொண்டாள். வாங்கிவந்து சன்னல் திட்டில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள்.

“இந்தாங்க, சொல்லிட்டேன். சனிக்கெழம வரைக்கும் உங்க கெட்டில், உங்க பேப்பரு, எல்லாம் பண்ணிக்கங்க. ஞாயித்துக்கெழம காலைல அந்தப் படியில ஒரு பச்ச தெரிஞ்சாலும், நானே இந்த மூடியத் தெறப்பேன். உங்க புல்லுக்காக எம்புள்ள வாழ்க்கைய விட முடியாது.”

அந்த ஆறு நாள் தனசிங் உழைத்த உழைப்பைப் பார்த்திருந்தால் எஸ்டேட்டில் அவருக்கு இரட்டைப் பேர் போட்டிருப்பார்கள். கிக்கியூ புல்லின் கடைசிக் கயிறும் கூரைக்குப் போயிற்று. கால்சட்டையில் ஊசி ஊசியாக ஒட்டிக்கொள்ளும் செடியை விதை முற்றுமுன் பிடுங்கி முடித்தார். பலசரக்குக் கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, படம் எதுவும் இல்லை என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேலியோரம் முழுக்க விரித்துக் கல் வைத்தார். வெற்று மண் இருந்தால்தானே களை வரும் என்று இடைவெளியில் எல்லாம் பூண்டு ஊன்றினார். நூல்கோல் பாத்தி கோலம் போட்ட மாதிரி சுத்தமாக நின்றது. வசந்த்குமாரே வேலியோரம் வந்து பார்த்துவிட்டு, பொறாமையை மறைக்கத் தன் பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் தெளித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கனகமணி ஆய்வுக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாக நடந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வாசலுக்குத் திரும்பியவள், அங்கே நின்றாள்.

படியின் இரண்டு பக்கமும் புளியாரை. மூன்று மூன்று இலையாக, இளம்பச்சையில், ஊதாப் பூ வைத்துக்கொண்டு, வரவேற்புக் கமிட்டி மாதிரி நின்றது. சுற்றி இருந்த புல்லெல்லாம் வெந்நீரில் வெந்து போயிருந்தது. புளியாரைமேல் மட்டும் ஒரு துளி விழவில்லை. அவ்வளவு குறிபார்த்து ஊற்றியிருக்கிறார் மனுஷன்.

“இது என்னாங்க?”

“அது வந்து... அடியில வெங்காயம் மாதிரி கெழங்கு இருக்கும். புடுங்குனா ஒண்ணு பத்தாகும்.”

“கெட்டில் எங்க போச்சு?”

“கல்லு வெடிச்சிரும்.”

“ஆறு மாசமா ஊத்துனப்ப வெடிக்காத கல்லு!”

“அதுபாட்டுக்கு இருக்கட்டுமே கனகு. திங்கிற கீரதானே.”

“யாரு திங்கிறா? இந்த வீட்ல ஒருத்தராச்சும் அதைத் தொட்டதுண்டா?”

தொட்டவள் ஒருத்தி இருந்தாள்.

வனிதாவுக்கு ஐந்து வயதில் நடந்தது அது. கனகமணி வேலைக்காட்டுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது பிள்ளையும் கூடவே வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல் வரப்போரம் உட்கார்ந்து புளியாரையைப் பறித்து வாயில் அடைத்துக்கொண்டாள். மலைப் பிள்ளைகள் எல்லாரும் தின்பதுதான். ஆனால் அந்த வரப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தனசிங் மருந்தடித்திருந்தார். முதுகில் பதினாறு லிட்டரோடு அந்தச் சரிவில் அவர் ஓடியதை ஊரே பார்த்தது. ஓடிவந்த வேகத்தில் பிள்ளை கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். அந்த விரலிலும் மருந்து இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாந்தி, ஒரு நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆனால் அதுவரை சாயங்காலம் ஆனால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறவள், அன்றிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, “கை கழுவிட்டீங்களா அப்பா?” என்று கேட்க ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்றும் வேலைக்குப் போகும்போது படியோரப் புளியாரையை, தூங்குகிற நாயைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கித் தாண்டிப் போகிறாள்.

இந்த மூன்று சென்ட்டில் மருந்து கூடாதென்று அவர் ஒற்றைக்காலில் நின்றது மண்புழுவுக்காகவும் தேனீக்காகவும் என்று ஊர் பேசிக்கொள்கிறது. சர்ச்சில்கூடப் பாராட்டினார்கள். அவரும் தலையை ஆட்டிவைத்தார்.

“காலைல வரைக்கும் டயம்” என்று கனகமணி உள்ளே போனாள். கேன் திட்டிலேயே இருந்தது.

ஞாயிறு விடியுமுன் கிளம்பி முதல் ஆராதனைக்குத் தனசிங் போனார். இடது கை வழக்கம் போலத் தாளம் போட்டது. மனசு படியில் இருந்தது. அங்கிருந்து நேராக மெயின் ரோட்டுக்குப் போய், விருந்தாளிகளின் ஜீப்புக்காக மூட்டத்தில் நின்றார். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறி, ஊட்டியிலிருந்து இந்தப் பக்கம் இறங்கி, வளைவு வளைவாக வந்து சேர்ந்த எல்சா இறங்கும்போதே முகம் வெளுத்திருந்தார். டெனின் ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் பழக்கூடையையும் பிடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டுப் படிக்கு வந்ததும் தனசிங் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று: சன்னல் திட்டில் கேன் இல்லை. இரண்டு: புளியாரை இலைகள் நனைந்திருந்தன. பனிநீர் இல்லை, பனிநீர் எப்படி நிற்கும் என்று அவருக்குத் தெரியும். இது மேலிருந்து கீழே கைவீசித் தெளித்த ஈரம். வெயில் இல்லாத நாள். அதனால்தான் இன்னும் தொங்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக் கண் ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

கனகமணி பட்டுச் சேலையில் வாசலுக்கு வந்து, “வாங்க வாங்க” என்றாள். வனிதா உள்ளே தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

“ஒரு நிமிஷம் இருக்கட்டும் கேட்டோ. தல கறங்குது” என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி, எல்சா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் கண்ணில் பச்சை பட்டது. “அய்யோ, இது புளியாறல் அல்லே! எத்தன காலமாச்சு பாத்து! வாந்தி வர்ற வாய்க்கு இதைப் போல ஒண்ணு வேற இல்ல.” ஒரு பிடி பறித்தார். வாய்க்குக் கொண்டு போனார்.

படார்!

அறை எல்சாவின் புறங்கையில் விழுந்தது. இலைகள் சிதறின. மாப்பிள்ளையின் அம்மா, பெண் வீட்டு வாசற்படியில், பெண்ணின் அப்பா கையால் அடி வாங்கி உட்கார்ந்திருந்தார். டெனின் கையிலிருந்த கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சு உருண்டு, படி படியாக இறங்கிப் போனது. அதைத் தவிர எதுவும் அசையவில்லை.

“எந்தா இது?” என்றார் எல்சா, வலித்த கையைப் பார்த்துக்கொண்டு. “பொண்ணு பாக்க வந்தா சாயா கொடுப்பாங்க. உங்க ஊருல அடியா கொடுக்கறது?”

“துப்புங்க! மருந்து... மருந்து அடிச்சிருக்கு! துப்புங்க!”

“வாய்ல போட விட்டாத்தானே துப்பறதுக்கு!”

“யாரு அடிச்சா?” கனகமணியின் குரல் வாசலிலிருந்து வந்தது.

“நீதான்! காலைல... கேன் எங்க? இலையெல்லாம் நனைஞ்சிருக்கே!”

“படி கழுவுனா இல நனையாதா? பைப்புத் தண்ணிங்க அது!”

வேலிக்கு மேல் வசந்த்குமாரின் தலை எழுந்தது. எப்போதிருந்து அங்கே இருந்தது என்று சொல்வதற்கில்லை. கூடவே ஒரு கையும் எழுந்தது, கையில் கேன்.

“ஏனுங்கண்ணா, கேனு இங்க இருக்குதுங்க! அக்கா காத்தால ஆறு மணிக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க. பாருங்க, சீலுகூட ஒடைக்கலீங்க!”

தனசிங் கேனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கனகமணிக்குப் பட்டுச் சேலை, விருந்தாளி எல்லாம் மறந்து போயிருந்தது.

“தெறக்கத்தான் போனேன். கை வைக்கிறப்பவே அந்த நாத்தம் மூக்குல வந்திருச்சு. சீலு ஒடைக்காத கேன்ல நாத்தம் எங்கருந்து வரும்னு கேக்காதீங்க. இருபத்தாறு வருசம் உங்க சட்டைய தனியாப் போட்டு, தனிக் கல்லுல தொவைச்சவ நான். அந்தக் கருமத்த மறுபடி இந்தப் படிக்குக் கொண்டாருவேனா?” மூக்கை உறிஞ்சினாள். “சம்பந்தம் போனாப் போகுதுன்னு குடுத்துட்டேன். ஆனா நீங்க இப்படிக் கைய நீட்டிப் போக வைப்பீங்கன்னு நெனைக்கல!”

எல்சா ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்த்தார். புறங்கையில் நாலு விரல் பதிந்திருந்தது. டெனின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனை முறைத்து அடக்கினார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க” என்றார். “இது திங்கலாமா, கூடாதா? வாய் இப்பவும் கசந்துட்டுதான் இருக்கு.”

தனசிங் குனிந்தார். கழுவாத கையால், மண்ணோடு இருந்த கையால், ஒரு கொத்துப் பறித்தார். ஊதக்கூட இல்லை, வாயில் போட்டு மென்றார். முகம் சுளித்தது. இன்னொரு கொத்துப் பறித்து எல்சாவிடம் கொடுத்தார். அவரும் மென்றார், கண்ணை இறுக்கி மூடி, “ஹோ!” என்றார். வெளுத்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. “வீட்டுல மீன்குழம்புக்கு இது வேணும். போகும்போது வேரோட ரெண்டு தரணும்” என்றார். கனகமணி அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப்பார்த்து, அதில் சம்மதம் இருக்கிறதா என்று தேடினாள்.

தனசிங் தேடவில்லை. அவர் மூன்றாவது முறை குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது வாசலில் வனிதா நின்றிருந்தாள், தேத்தண்ணித் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கோப்பைகளில் ஆவி அடங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் அவருடைய கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. பாதி வழியில் நின்றது. மெதுவாகத் திரும்பி முன்னால் வந்தது. மண் ஒட்டிய விரல் நுனியில் மூன்று இலையும் ஓர் ஊதாப் பூவும்.

வனிதா அந்த இலையைப் பார்த்தாள். கை கழுவிட்டீங்களா என்று கேட்கவில்லை. தட்டு கனத்தது, வைக்க இடமில்லை. ஒரு படி கீழே இறங்கிவந்து, அவர் விரலுக்கு நேராக வாயைத் திறந்தாள்.